ஒரு குட்டித் தீவின் பறவைக் கணக்கு

கொண்டல் காற்று அடிக்கும் அக்டோபர் காலைகளில், ஃபேர் ஐல் தீவில் பைனாகுலரோடு நிற்பவர்கள் பெரும்பாலும் வானத்தைப் பார்ப்பதில்லை. காலடியைப் பார்க்கிறார்கள். ஓடைக் கரையில், ஈரப் புல்லுக்குள், ஒரு கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்புக் குருவி எலியைப் போல ஊர்ந்துகொண்டிருக்கும். உடம்பெங்கும் மெல்லிய கறுப்புக் கோடுகள். பறப்பதற்கு அதற்கு மனமே இருக்காது. அசையாமல் நின்றால் ஒருவரின் பூட்ஸுக்கு மிக அருகிலேயே நடந்துபோய்விடும். லான்சியலேட்டட் வார்ப்ளர் என்னும் அந்தக் கதிர்க்குருவி சைபீரியப் புல்வெளிகளில் பிறந்தது. இந்நேரம் அது தென்கிழக்கு ஆசியாவின் நாணல் காடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பல ஆயிரம் கிலோமீட்டர் எதிர்த்திசையில், ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, அட்லாண்டிக் பெருங்கடலும் வடகடலும் சந்திக்கும் இடத்தில் ஒரு பாறைத் தீவில் வந்து இறங்கியிருக்கிறது. பிரிட்டனில் இந்தக் குருவியைப் பார்க்க ஆசைப்படும் எவரும் முதலில் நினைப்பது ஃபேர் ஐலைத்தான்.

ஷெட்லாந்து, ஆர்க்னி என்ற இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே தனியாகக் கிடக்கிறது இந்தத் தீவு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அகலம் அதிகம் போனால் 3 கிலோமீட்டர். மரங்கள் கிடையாது என்றே சொல்லிவிடலாம். தெற்குப் பாதியில் சிறு பண்ணைகளும் வீடுகளும். வடக்குப் பாதியில் ஆடு மேயும் தரிசு. சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அண்மைக் காலத்தில் இங்கே வசிப்பவர்கள் ஐம்பது, அறுபது பேர்தான். மற்ற உலகம் இந்தத் தீவின் பெயரை ஸ்வெட்டர் வழியாக அறிந்திருக்கிறது: பல வண்ணக் கம்பளி நூலில் வரிவரியாக வடிவங்கள் பின்னும் ஃபேர் ஐல் பின்னல் இங்கே பிறந்ததுதான். பறவைகளை அறிந்தவர்களுக்கோ இதன் பெயர் வேறொரு கணக்கோடு சேர்ந்தது. 390-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இந்தச் சின்ன நிலத்தில் பதிவாகியிருக்கின்றன.

இத்தனை பறவைகளும் இங்கே வாழ்பவை அல்ல, பெரும்பாலானவை வழிப்போக்கர்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் இலையுதிர் காலத்தில் தெற்கே வலசை போகும் சிறு பறவைகள் இரவில் பறப்பவை. கிழக்கிலிருந்து காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் அவை திசை தள்ளாடி வடகடலுக்கு மேலே சிக்கிக்கொள்ளும். விடியும்போது கீழே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் தெரியும் ஒரே மண் இந்தத் தீவு. முதன்முறையாக வலசை போகும் இளம் பறவைகளில் சில, உடலில் பதிந்த திசைக்குறிப்பே பிழையாக இருப்பதால், நேர் எதிராகப் பறந்து வருவதும் உண்டு. சைபீரியாவின் செந்தொண்டைக் குருவியான ரூபித்ரோட் பிரிட்டனில் முதன்முதலாகப் பார்க்கப்பட்டது 1975 அக்டோபரில், இங்கேதான்.

தமிழ் வாசகருக்கு நெருங்கிய ஓர் உறவினரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார். குளிர்காலத்தில் நம் ஊர் வேலிப் புதர்களிலும் தோட்டங்களிலும் உள்ளே மறைந்துகொண்டு 'டக்... டக்' என்று குரல் கொடுக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவி. ஃபின்லாந்து முதல் சைபீரியா வரை கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. அதன் முதல் பிரிட்டிஷ் பதிவு 1910 செப்டம்பரில் ஃபேர் ஐலில் நிகழ்ந்தது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பறவை ஒன்று அங்கே போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த 1910 பதிவு ஒரு துப்பாக்கியின் பதிவு. அக்காலத்தில் ஓர் அரிய பறவையை இன்னது என்று நிறுவ ஒரே வழி, அதைச் சுட்டு, கையில் எடுத்து, தோலைப் பாடம் செய்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது. எடின்பரோ ராயல் ஸ்காட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் ஈகிள் கிளார்க் 1905-இல் முதன்முறை இங்கே வந்தபோது அப்படித்தான் வேலை செய்தார். கலங்கரை விளக்கங்களைச் சுற்றி மொய்க்கும் வலசைப் பறவைகளைப் பற்றி விளக்குக் காவலர்களிடம் பல ஆண்டுகளாகக் குறிப்புகள் வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். ஃபேர் ஐலில் 1892-இலேயே இரண்டு கலங்கரை விளக்கங்கள் கட்டப்பட்டிருந்தன. மேகம் மூடிய இரவுகளில் அந்த ஒளியில் மயங்கிப் பறவைகள் கூட்டமாக வந்து சுழலும்; கண்ணாடியில் மோதி விழும்.

கிளார்க் செய்த காரியங்களில் மிகச் சிறந்தது துப்பாக்கியைச் சேர்ந்தது அல்ல. தான் ஊர் திரும்பிய பிறகும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். தீவிலேயே பிறந்த ஜார்ஜ் ஸ்டவுட் என்ற இளைஞருக்குப் பறவைகளை அடையாளம் காணவும் குறிப்பெடுக்கவும் பயிற்சி கொடுத்தார். அன்றிலிருந்து இந்தத் தீவின் பறவையியல், வந்துபோகும் விருந்தாளிகளின் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. உழுகிற, ஆடு மேய்க்கிற, படகு ஓட்டுகிற ஊர்க்காரர்களின் வேலையாகவும் ஆயிற்று. ஃபேர் ஐலின் தனிச்சிறப்பே இதுதான். அரிய பறவைகள் வந்திறங்கும் தீவுகள் உலகில் பல உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து எழுதிவைக்கும் பழக்கம் கொண்ட தீவுகள் மிகச் சிலவே.

அடுத்த திருப்பம் ஒரு சிறைமுகாமில் நிகழ்ந்தது. எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் 1935-இல் ஃபேர் ஐலுக்கு வந்து அதில் மனத்தைப் பறிகொடுத்தவர். இரண்டாம் உலகப்போரில் படைக்குப் போய், 1941-இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். ஜெர்மனியின் வார்பர்க் முகாமில் அவரோடு ஜான் பக்ஸ்டன், பீட்டர் காண்டர் போன்ற பறவைப் பித்தர்கள் அடைபட்டிருந்தார்கள். முள்வேலிக்குள்ளிருந்தே இவர்கள் கூடுகளைக் கணக்கெடுத்தார்கள். மணிக்கணக்காக ஒரே பறவையைப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். பக்ஸ்டன் போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ரெட்ஸ்டார்ட் என்ற சிறு பறவையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். காண்டர் பிற்காலத்தில் பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். வாட்டர்ஸ்டனோ முகாமில் உட்கார்ந்து, ஃபேர் ஐலில் ஒரு பறவை ஆய்வகம் எப்படி அமைய வேண்டும் என்று திட்டம் வரைந்துகொண்டிருந்தார். சிறுநீரக நோயால் 1943-இல் விடுவிக்கப்பட்டுக் கப்பலில் திரும்பியபோது, தாயகத்தின் முதல் நிலமாக அவர் கண்ணில் பட்டது ஃபேர் ஐல் என்பார்கள்.

1947-இல் அவர் தீவையே விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே, போரின்போது கடற்படை கட்டிவிட்டுப் போன மரக் கொட்டகைகளில் ஆய்வகம் திறக்கப்பட்டது. கென்னத் வில்லியம்சன் அதன் முதல் இயக்குநர்.

அன்றைய தீவின் நிலை நல்லதாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் 380 பேர் வரை இருந்த ஊர். 1862-இல் வறுமை தாங்காமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்குக்குக் கப்பலேறினார்கள். 1950-களில் நாற்பத்துச் சொச்சம் பேர் மிஞ்சினார்கள். படகு தள்ளக்கூட ஆள் போதாத நிலை. மேற்கே செயின்ட் கில்டா தீவு மக்கள் 1930-இல் மொத்தமாக வெளியேற்றப்பட்டது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஃபேர் ஐலையும் காலி செய்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. 1954-இல் வாட்டர்ஸ்டன் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தார். வீடுகள் செப்பனிடப்பட்டன, புதிய குடும்பங்கள் குடியேறின. ஆய்வகம் விருந்தினர் விடுதியாகவும் இயங்கியதால் ஒவ்வொரு கோடையிலும் வெளியாட்கள் வந்தார்கள். அவர்களால் படகுக்குப் பயணிகளும், பின்னலாடைக்கு வாங்குபவர்களும், சிலருக்கு வேலையும் கிடைத்தன. பறவைகளுக்காகத் தொடங்கிய ஓர் இடம் மனிதர்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கத் துணைசெய்தது என்று சொன்னால் அது மிகையல்ல.

ஆய்வகத்தின் அன்றாட வேலையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் தீவின் பெருமை புரியும். மூச்சடைக்க வைக்கும் அரிய பறவைகள் எப்போதாவதுதான் வரும். எண்ணும் வேலை தினமும் உண்டு. வலசைக் காலத்தில் ஊழியர்கள் தீவைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு நாள்தோறும் நடக்கிறார்கள். அரியது, சாதாரணமானது என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். இரவு உணவுக்குப் பிறகு எல்லோரும் கூடி உட்கார, ஒருவர் பறவைப் பெயர்களை வரிசையாக வாசிப்பார். ஒவ்வொருவரும் அன்று பார்த்த எண்ணிக்கையைச் சொல்வார்கள். விருந்தினரும் சேர்ந்துகொள்ளலாம். பதிவேட்டில் ஏறும் அந்த எண்களே 1948 முதல் சேர்ந்துவரும் சொத்து.

இன்னொரு வேலை பொறிகளோடு. வடகடலில் உள்ள ஜெர்மானியத் தீவான ஹெலிகோலாந்தில் உருவான ஒரு வகைப் பொறி அது. அதன் பெயரே ஹெலிகோலாந்து பொறி. புதர்களின் மேலோ, ஒரு கல்சுவரின் மேலோ கம்பிவலையால் பெரிய கூடாரம் எழுப்புவார்கள். வாய் அகலமாகத் திறந்திருக்கும். உள்ளே போகப் போகக் குறுகும். கடைசியில் ஒரு பெட்டி. மரமில்லாத தீவில் களைத்து இறங்கும் பறவை ஒதுங்க இடம் தேடிப் புதருக்குத்தான் வரும். பின்னாலிருந்து ஒருவர் மெல்ல நடந்து வந்தால் அது முன்னே நகர்ந்து நகர்ந்து பெட்டிக்குள் போய்விடும். இறக்கையை அளந்து, எடை போட்டு, காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தை மாட்டி, சில நிமிடங்களில் விட்டுவிடுவார்கள். அதே பறவை வேறொரு நாட்டில் பிடிபட்டால் அந்த எண் அதன் பயணத்தைச் சொல்லிவிடும். ஈகிள் கிளார்க்கின் துப்பாக்கி சொன்னதைவிட அதிகமான செய்தியை இந்த வளையம் சொல்கிறது. பறவையும் உயிரோடு இருக்கிறது.

தீவுக்கே உரிய பறவை ஒன்றையும் வில்லியம்சன்தான் உலகுக்குச் சொன்னார். பாறை இடுக்குகளில் வாழ்ந்து, உடம்பின் அளவுக்குப் பொருந்தாத உரத்த குரலில் பாடும் ஃபேர் ஐல் ரென். பிரிட்டன் முழுவதும் உள்ள ரென் குருவியின் தனித்த துணையினம் என்று 1951-இல் அவர் விவரித்தார். உலகத்தில் வேறெங்கும் இல்லை. பாடும் ஆண்களைத்தான் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டுவதில்லை. கடுங்குளிர் ஒன்று நீண்டுவிட்டால் அதிலும் பாதி போய்விடும்.

இந்தத் தீவிலிருந்து புறப்பட்ட எண்ணங்கள் பிரிட்டன் முழுக்கப் பரவின. வாட்டர்ஸ்டன் பின்னர் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பில் இருந்தபோது, பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்த விராலடிப்பான் பருந்து லாக் கார்ட்டன் ஏரிக்கருகே மீண்டும் கூடு கட்டியது. முட்டைத் திருடர்களுக்குப் பயந்து கூட்டை ஒளித்துவைப்பதுதான் அன்றைய வழக்கம். அவரோ 1959-இல் பொதுமக்களை அழைத்துவந்து தொலைவிலிருந்து காட்டினார். மக்கள் பார்த்தால்தான் காப்பார்கள் என்பது அவர் கொள்கை. பிரிட்டனில் சுட்டு அழிக்கப்பட்ட வெண்வால் கடற்கழுகைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி ஒன்று 1968-இல் ஃபேர் ஐலிலேயே நடந்தது. அப்போதைய ஆய்வக இயக்குநர் ராய் டென்னிஸும் வாட்டர்ஸ்டனும் நார்வேயிலிருந்து நான்கு இளம் கழுகுகளை வரவழைத்து வளர்த்து விட்டார்கள். அது கைகூடவில்லை. தன்னை நெருங்கும் எதிரியின் மேல் ஃபுல்மர் என்ற கடற்பறவை துர்நாற்றமுள்ள எண்ணெயைக் கக்கும். அந்த எண்ணெயில் தோய்ந்து சிறகு ஒட்டிப்போன கழுகு பறக்க முடியாது. ஆனாலும் அந்த அனுபவம் வீண்போகவில்லை. 1975-இல் ரம் தீவில் தொடங்கிய பெரிய திட்டம் வெற்றி பெற்றது. இன்று ஸ்காட்லாந்து வானில் கடற்கழுகுகள் இருக்கின்றன.

வலசைப் பறவைகள்தான் ஃபேர் ஐலுக்குப் புகழைத் தேடித் தந்தன. கவலையைத் தந்தவை பாறைச் சுவரில் கூடு கட்டும் கடற்பறவைகள். கோடையில் இங்கே வரும் ஒருவர் புல் விளிம்பில் உட்கார்ந்தால், வண்ண அலகுள்ள பஃபின்கள் சில அடி தூரத்தில் வந்து நிற்கும். கீழே சுவரில் கில்லிமாட்டுகளும், கிட்டிவேக் என்னும் சிறு கடற்காகங்களும். மேலே தரிசில் ஸ்குவாக்கள், தங்கள் கூட்டுப் பக்கம் வருபவரின் தலையைக் குறிவைத்துப் பாயும். இந்தக் காட்சி இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் நெஞ்சு பதறும். 1980-களின் இறுதியில் 18,000 இணைக்கு மேல் இருந்த கிட்டிவேக், இருபத்தைந்தே ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 1986-இல் 20,000 அளவில் எண்ணப்பட்ட பஃபின்கள் 2012-இல் ஏறத்தாழ பாதியாகியிருந்தன. பாறைச் சுவரின் கூச்சல் குறைந்துவருவதை ஊரின் மூத்தவர்கள் காதாலேயே அறிந்தார்கள். எவ்வளவு குறைந்தது, எப்போதிருந்து, எந்தெந்தப் பறவை என்பதைச் சொன்னது எண்ணிக்கை.

காரணம் தண்ணீருக்குள் இருந்தது. சாண்ட் ஈல் என்னும் விரல் நீள மெல்லிய மீன்தான் இந்தப் பறவைகளின் குஞ்சுகளுக்குச் சோறு. கொழுப்பு மிகுந்தது, கடலடி மணலுக்குள் புதைந்து வாழ்வது. அந்த மீன் தின்பது குளிர்ந்த நீரில் செழிக்கும் நுண்ணிய மிதவை உயிர்களை. கடல் சூடாகச் சூடாக அவை வடக்கே நகர்ந்துவிட்டன. போதாக்குறைக்கு, மீன்தூளுக்கும் மீனெண்ணெய்க்குமாக வடகடலில் சாண்ட் ஈலைப் பெருங்கப்பல்கள் லட்சக்கணக்கான டன்னாக அள்ளின. கிட்டிவேக் ஆழத்தில் மூழ்கத் தெரியாதது. நீரின் மேல்மட்டத்தில் மீன் இல்லையென்றால் அதற்கு வேறு வழியில்லை. மற்ற பறவைகளிடமிருந்து மீனைப் பறித்துத் தின்னும் ஆர்க்டிக் ஸ்குவாவுக்குப் பறிக்கவும் ஒன்றுமில்லாமல் போனது. பட்டினியில் குஞ்சுகள் கூட்டிலேயே செத்த ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. 2021-லும் 2022-லும் பறவைக் காய்ச்சல் வேறு தாக்கியது. உலகின் பெரிய ஸ்குவாக்களில் பாதிக்கு மேல் பிரிட்டனில்தான் கூடு கட்டுகின்றன. அந்த நோய்க்குப் பிறகு பிரிட்டனில் அவற்றின் எண்ணிக்கை 76 சதவீதம் வீழ்ந்துவிட்டதாகக் கணக்கெடுப்பு காட்டியது.

ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1990-களிலேயே ஆய்வகத்தையும் தேசிய அறக்கட்டளையையும் சேர்த்துக்கொண்டு, தீவைச் சுற்றியுள்ள கடலைக் காக்க வேண்டும் என்று அரசிடம் கேட்கத் தொடங்கினார்கள். தீவின் நிலத்துக்கும் பறவைகளுக்கும் பட்டங்களும் காப்புச் சட்டங்களும் ஏற்கெனவே இருந்தன; பறவை சாப்பிடும் கடலுக்குத்தான் எதுவும் இல்லை. கோரிக்கை, கூட்டம், கடிதம் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய பிறகு, 2016-இல் ஃபேர் ஐல் கடற்பரப்பு, ஆய்வுக்கும் செயல்விளக்கத்துக்குமான கடல் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் அந்த வகையில் அதுவே முதலாவது. அந்த அறிவிப்பு மீன்பிடிப்பை நிறுத்தும் தடை அல்ல. மீனவர்களும் ஊராரும் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடலின் நிலையைக் கண்காணிப்பதற்கான ஏற்பாடு. இத்தனை ஆண்டுப் போராட்டத்துக்கு இது மிகச் சிறிய பலன் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு சிற்றூர் தன் கடலைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்ததே பெரிய காரியம்தான்.

இதற்கிடையே ஒரு பேரிடி. 2019 மார்ச் 10 அன்று ஆய்வகக் கட்டிடம் தீப்பிடித்தது. 2010-இல்தான் புதிதாகக் கட்டியிருந்தார்கள். தீவில் இருந்த தன்னார்வத் தீயணைப்பாளர்கள் போராடினார்கள், வெளியிலிருந்தும் உதவி வந்தது, கட்டிடம் மிஞ்சவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. அங்கேயே குடியிருந்த ஆய்வகக் காப்பாளர் குடும்பம் உடைமைகளை இழந்தது. எழுபது ஆண்டுப் பறவைப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டிருந்ததால் தப்பின. கட்டிடமில்லாமலே எண்ணும் வேலையைத் தொடர்ந்தார்கள். பொறிகள் அங்கேயேதான் இருந்தன. நடந்து எண்ணுவதற்குக் கால்கள் போதும். புதிய கட்டிடத்தைத் தீவுக்கு வெளியே பகுதி பகுதியாகச் செய்து கடல்வழியே கொண்டுவந்து பொருத்தினார்கள். கோவிட் காலமும், ஷெட்லாந்து வானிலையும், படகுத் தட்டுப்பாடும் சேர்ந்து வேலையை இழுத்தடித்தன. 2025-இல் ஆய்வகம் மீண்டும் விருந்தினருக்குக் கதவைத் திறந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், ஸ்காட்லாந்து அரசு தன் கடற்பரப்பு முழுவதும் சாண்ட் ஈல் பிடிக்கத் தடை விதித்தது. வடகடலின் ஆங்கிலப் பகுதியிலும் தடை வந்தது. அந்த மீனைப் பெருமளவில் பிடித்துவந்த டென்மார்க்கின் பக்கம் நின்று ஐரோப்பிய ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. 2025 மே மாதம் ஹேக் நகரின் நடுவர் மன்றம் ஸ்காட்லாந்தின் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலப் பகுதியின் தடையில் முடிவெடுத்த முறையில்தான் குறை சொன்னது. கடற்பறவைகள் எவ்வளவு வேகமாக, எந்தக் காரணத்தால் அழிகின்றன என்பதற்கு நீண்டகால எண்ணிக்கை இல்லாமல் இப்படியொரு தடையைக் கேட்டிருக்கவே முடியாது. அந்த எண்ணிக்கையில் ஃபேர் ஐலின் பங்கு பெரிது.

தடை வந்ததால் கிட்டிவேக் உடனே பெருகிவிடாது. அது மெதுவாக இனம் பெருக்கும் பறவை. ஓராண்டில் ஒன்றோ இரண்டோ குஞ்சு, அவையும் கூடு கட்டும் வயதுக்கு வர நான்கைந்து ஆண்டு. கடலின் வெப்பத்தை எந்த நடுவர் மன்றமும் குறைத்துத் தர முடியாது. மாற்றம் வருகிறதா இல்லையா என்று தெரிய, இதே பாறைச் சுவர்களை இதே முறையில் இன்னும் பல கோடைகளுக்கு எண்ண வேண்டும். எண்ணுவதற்குத் தீவில் ஆள் இருக்க வேண்டும். அதனால்தான் ஃபேர் ஐலில் பறவைப் பேச்சும் வீட்டுப் பேச்சும், மின்சாரப் பேச்சும், படகுப் பேச்சும் தனித்தனியாக இருப்பதில்லை. 2018-இல்தான் காற்றாலையும் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் சேர்ந்து தீவுக்கு இருபத்துநாலு மணி நேர மின்சாரம் கொடுத்தன. ஷெட்லாந்துக்குப் போய்வரும் 'குட் ஷெப்பர்ட்' படகில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற முடியாது. கடல் கொந்தளித்தால் நாள்கணக்கில் அது கிளம்பாது. புதிய படகுக்கும் துறைக்கும் 2023 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 2.7 கோடி பவுண்டு ஒதுக்கியது. மளிகைச் சாமானும், ஆட்டுக்குத் தீவனமும், பள்ளிப் பிள்ளைகளின் புத்தகமும், லான்சியலேட்டட் வார்ப்ளரைத் தேடி வருபவரின் தொலைநோக்கியும் அந்தப் படகில் ஏறி வருபவைதான்.